வெள்ளிக்கிழமைப் போணி

சாந்தோம்,
மார்ச் மாதம், தபசு காலம்.

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் வீடும் உன் கறிவேப்பிலைச் செடியும் சுகமாக இருக்கிறோம். செடி என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம், துளிர் விட்டிருக்கிறது. அங்கே குளிர் தொடங்கப் போகிறதாமே. உன் தோள்பட்டை வலியையும் பேத்திக் குட்டியின் சளியையும் நான் நேரில் வந்து விசாரித்ததாக வைத்துக்கொள்.

காலையில்தானே வீடியோவில் பார்த்தோம், இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, பேனாவைத் தூக்கியிருக்கிறாரே என்று நினைப்பாய். வீடியோவில் நான் பார்ப்பது உன் நெற்றியையும் அந்த வீட்டுக் கூரையையும்தான். நான் உன்னிடம் ஏதாவது கேட்டால் ஷெரில் பதில் சொல்கிறாள். நீ வாயெடுத்தால் குட்டி போனைப் பிடுங்குகிறாள். பின்னாலிருந்து எரிக் மாப்பிள்ளை ‘ஹாய் மாமா’ என்று கையாட்டுகிறார். நானும் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்கிறேன். போனை வைத்ததும் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. கைசர் ஜஹான் டீச்சரின் மகன் ரெஹான் பெருநாள் முடிந்ததும் கம்பெனி வேலையாக மெல்போர்ன் வருகிறான். அவனிடம் இதைக் கொடுத்து, உன் கையில் மட்டும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே நெத்திலிக் கருவாடு அனுப்பலாம் என்று பார்த்தேன். ஏர்போர்ட்டில் பிடித்துக்கொள்வார்கள் அங்கிள் என்று பையன் பயந்துவிட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஷெரில் பேசும்போது, அம்மா இங்கே நன்றாகப் பழகிவிட்டார்கள், இனிமேல் இங்கேயே இருக்கட்டும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீங்களும் கிளம்பி வந்துவிடுங்கள் அப்பா என்றாள். நீ பின்னால் நின்று கேரட் தோல் சீவிக்கொண்டிருந்தாய். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிரசவம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மழையில் நனைந்துகொண்டே டாக்ஸியில் ஏறினாய். அப்புறம் ஞானஸ்நானம் முடியட்டும் என்றாய். பல் முளைக்கட்டும் என்றாய். இப்போது நடை பழகட்டும் என்கிறாய். அதற்கப்புறம் காலேஜ் இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது. கேலிதான் செய்கிறேன். ஆனால் கேலி செய்து முடித்ததும் பயமாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி நீ எப்போது கேட்டாலும் ‘ஆகிறது’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன். முதல் சில மாதம் மெஸ் சாப்பாடு. அங்கே சாம்பாருக்கும் ரசத்துக்கும் கிண்ணம்தான் வித்தியாசம். அப்புறம் ஷெரில் போனில் ஒரு ஆப் போட்டுக்கொடுத்தாள். அழுத்தினால் மீன் வரும். வந்தது. தலையில்லை, வாலில்லை, தோலில்லை, பிளாஸ்டிக் டப்பாவில் அழிரப்பர் மாதிரி வெள்ளைத் துண்டுகள். சமைத்துப் பார்த்தேன், ருசியும் கிட்டத்தட்ட அப்படித்தான். நொச்சிக்குப்பம் நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கடற்காற்று ஜன்னல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற வீட்டில் உட்கார்ந்து எந்த ஊர்க் குளிர்பெட்டி மீனையோ தின்பதா என்று கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்குக் காலே நடக்கும், உனக்குத் தெரியாததா.

ஒரு வெள்ளிக்கிழமை உன் மஞ்சள் கூடையை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போனேன். லூப் ரோட்டோரம் விற்றவர்களெல்லாம் இப்போது புது மார்க்கெட் கட்டடத்துக்குள் இருக்கிறார்கள். நீ பேச்சுவாக்கில் சொல்லுகிற தேசம்மாவைக் கண்டுபிடித்து, நீ செய்வதுபோலவே ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, என்ன விலை என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சார், கொஞ்சம் அப்பால நில்லு. இன்னும் போணி ஆவல” என்றாள். காசு கொடுக்க வந்தவனை அப்பால நில் என்கிற வியாபாரத்தை நான் அன்றுதான் பார்த்தேன். என்ன விஷயம் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை போணி டீச்சருடையதாம். டீச்சர் கைபட்டால் வெயில் ஏறுவதற்குள் கூடை காலியாகிவிடுமாம். நீ இல்லாததால் கோலம் போட்டுவிட்டு வருகிற பெண்ணோ, பள்ளிக்கூடப் பிள்ளையோ யாராவது முதலில் வாங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு பேரம் பேசுகிற ஆம்பளை கை வேண்டாமாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு கடை தள்ளிப் போய் வேறொரு பெண்ணிடம் கூடையை நீட்டினேன். அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் மீனைத் தொடவே இல்லை. “தேசம்மா வூட்டு வாடிக்கைக்கு நான் எப்டி சார் குடுக்கிறது? நாளைக்கு அது மூஞ்சில நான் முழிக்க வேணாமா?” என்றாள். நாம் தேசம்மா வீட்டு வாடிக்கை என்பது நம் ரேஷன் கார்டில் இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, தேசம்மா கடைக்கு எதிரே இருக்கிற தூணோரம் நின்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள். யாரோ ஒரு நர்ஸ் வந்து கால் கிலோ இறால் வாங்கிப் போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.

கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டாள். எப்போதும் வாங்குவது என்றேன். “எப்பவும் இன்னா வாங்கும்னு சொல்லு” என்றாள். குழம்பு மீன் என்றேன். பக்கத்துக் கடைக்காரிகளும் சேர்ந்து சிரித்தார்கள். தட்டில் விழுந்ததை யார் பேர் கேட்டுச் சாப்பிடுகிறார்கள், நீயே சொல். கடைசியில் தேசம்மாதான் சொன்னாள். “கெழங்கா மீனு சார். உனக்கு முள்ளு ஆவாதாம், அதான் டீச்சர் அதையே வாங்கினு போவும். அதுக்குப் புடிச்சது கவளை. கவளையைப் பாத்துக்கினே நிக்கும், ஆனா வாங்காது.” கவளை நம் வீட்டில் சமைத்து நான் பார்த்ததே இல்லை, ஃப்ளோரன்ஸ். அன்றைக்குக் கவளை வாங்கினேன்.

ஊசி ஊசியாக முள். ஒரு தட்டுச் சோறு சாப்பிட ஞாயிறு பூசையின் நீளம் பிடித்தது. அது எனக்குப் பிடித்துவிட்டது. தனியாகச் சாப்பிட்டால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அப்புறம் கை கழுவிவிட்டு என்ன செய்வது என்று தெரிவதில்லை. முள் எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு வேலை இருக்கிறது. கீழ் வீட்டு பரத்வாஜ் அன்று மாலை படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். “இத்தனை வருஷமா உங்காத்து வாசனை பழகிப்போச்சு சார், இன்னிக்கு ஏதோ புதுசா இருக்கே, டீச்சர் வந்துட்டாளோன்னு எங்காத்துல கேட்டுண்டிருக்கா” என்றார். வெங்காயம்கூடச் சேர்க்காத மனுஷருக்கு மீனில் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினம் ஒரு பக்கம் கிளம்பிவிடுகிறேன். நான் பார்த்த சென்னை என்ன? சாந்தோமிலிருந்து தரமணி பாலிடெக்னிக், அங்கிருந்து சாந்தோம். பிள்ளைகளுக்கு வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்தவன் ஊரை ஒரே ஒரு கோடாக வைத்திருந்தேன். நீ ஊர் முழுக்கப் போயிருக்கிறாய் என்று இப்போது தெரிகிறது. தெற்கு மாட வீதியில் மாவடு வந்துவிட்டது. உருண்டையாக, காம்போடு, பால் வடிய. அதை வாங்கப் போனால் அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் கூடையைப் பார்த்து, “டீச்சரம்மா எங்க?” என்கிறாள். குளத்தோரம் கீரை விற்கிறவளும் அதையே கேட்கிறாள். முளைக்கீரைக் கட்டைப் பிரித்து, அடியில் மண் இருக்கிறதா என்று நீ பார்ப்பாயாமே, அவளே பிரித்துக் காட்டுகிறாள். தி.நகர் பஸ் நிலையத்துக்கு வெளியே வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கூட, உன் வழக்கப்படி மிளகாய்த்தூள் வேண்டாம்தானே என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கும் கூடைதான் அடையாளம். ஒருத்தரிடம் அடுத்த மாதம் வருவாள் என்கிறேன், இன்னொருத்தரிடம் ஈஸ்டருக்கு என்கிறேன். எது வாயில் வருகிறதோ அது.

நேற்று முன்தினம் மாறுதலுக்காகச் சைதாப்பேட்டை போனேன். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு, ஒரு கடையில் நின்றபடியே இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். அந்தப் பக்கம் நீ போனதில்லை போலிருக்கிறது. ஒருத்தரும் உன்னை விசாரிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. வடகறியும் காரமாக, சூடாக, நன்றாகவே இருந்தது. பாதி சாப்பிடும்போது, நான் இங்கேயே மயங்கி விழுந்தால்கூட யாருக்குச் சொல்வது என்று இவர்களுக்குத் தெரியாதே என்று தோன்றியது. மீதியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உன்னைக் கேட்கிறவர்கள் இருந்தால் எரிச்சல், கேட்காவிட்டால் இப்படி.

சாயங்காலம் அடையாறு முகத்துவாரம் வரை நடப்பேன். உடைந்த பாலத்துக்குக் கீழே சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை வீசுகிறார்கள். மடவை மீன் கிடைக்கிறது. நான் கேட்டதில் ஒருவர், ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடத்து மீனுக்கு ருசியே தனி என்று ஆரம்பித்தார். சைதாப்பேட்டைச் சாக்கடையும்தானே கலக்கிறது என்றேன். அவர் அதோடு பேச்சை முடித்துக்கொண்டார். நீ இருந்திருந்தால் என் முழங்கையைக் கிள்ளியிருப்பாய். திரும்பி வருகிற வழியெல்லாம் கிள்ள ஆளில்லை என்பதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

இப்போது போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன்.

வழக்கம்போல் விடிந்ததும் போய், தூணோரம் என் இடத்தில் நின்றேன். அப்போதுதான் படகு வந்து, தேசம்மா சங்கராவைக் கொட்டிப் பரப்பினாள். சிவப்பாக, கண் தெளிவாக, இன்னும் வளைந்து கொடுக்காத மீன். கூட்டம் வரவில்லை. போணி ஆகட்டும் என்று நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவள் லூப் ரோட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, “சார், இங்க வா. நீயே போணி பண்ணு” என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். ஆசிரியர் தின விழாவில் சால்வை போர்த்தியபோது கூட அப்படி நிமிர்ந்து நடக்கவில்லை. அக்கம்பக்கத்துக் கடைக்காரிகள் பார்க்க, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். தேசம்மா கையைத் தண்ணீரில் அலம்பி, சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். நீட்டியபடியே, நல்ல மனசோடுதான், சொன்னாள்: “நானும் எத்தினி வெள்ளி டீச்சர் வரும் வரும்னு பாத்துக்கினு இருக்கிறது. அது இனிமே வராது போலக்கீது சார். அது கை இல்லாங்காட்டி இன்னா, உன் கையும் அந்த வூட்டு கைதானே.”

நோட்டு என் கையிலேயே இருந்தது. அவள் கை அங்கே நீண்டிருக்கிறது, என் கை நகரவில்லை. வெள்ளைக்காரன் ஊரில் இருக்கிற என் மகள் சொன்னபோது அது பேச்சாகத்தான் இருந்தது. தேசம்மா சொன்னதும் நடந்துவிட்ட காரியம் மாதிரி ஆகிவிட்டது. நான் அந்த நோட்டைக் கொடுத்திருந்தால், நீ வரமாட்டாய் என்று நானும் ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கும். “இல்ல தேசம்மா, அவ வந்து பண்ணுவா” என்று சொல்லிவிட்டு நோட்டைப் பையில் போட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. போணி மறுத்தால் அன்றைய வியாபாரத்துக்கு ஆகாது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வெறும் கூடையோடு திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து, “வந்தா வரட்டுமே சார், நான் இன்னா வேணாம்னா சொன்னேன்” என்று சத்தம் போட்டாள். அன்றைக்கு மீன் இல்லை. தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டேன். வாயைக் கட்டுகிற தபசு காலத்துக்கு அது பொருத்தம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கைசர் ஜஹான் டீச்சர் நோன்பு திறக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மசூதியிலிருந்து வந்த நோன்புக் கஞ்சி, அதில் அவர்கள் வீட்டுப் புதினாத் துவையல். பள்ளிக்கூடத்தில் உன்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்த உரிமையில் நடந்ததையெல்லாம் என் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள். கேட்டுவிட்டு, “ஃப்ளோரன்ஸ் என்கிட்டயும் ஒண்ணும் சொல்லலண்ணா. போன்ல கேக்காதீங்க. போன்ல கேட்டா மகளுக்குப் பிடிச்ச பதில்தான் வரும். எழுதிக் கேளுங்க, ரெஹான் கொண்டு போகட்டும்” என்றார்கள். ரெண்டாவது தரம் கஞ்சி ஊற்றும்போது அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் யாரும் வெங்காயம் நறுக்கவும் இல்லை.

ஆகவே எழுதிக் கேட்கிறேன். உனக்கு அங்கே இருக்கத்தான் பிடித்திருக்கிறதா? குட்டி உன் இடுப்பைவிட்டு இறங்காததை நானும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை வாசனையை விட்டுவிட்டு இந்த உப்புக்காற்று வீட்டுக்கு, இந்த உம்மணாமூஞ்சியிடம் வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கேதான் என்றால் நான் வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, டப்பா மீனைத் தின்றுகொண்டு, வாசலில் கார் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். முறைக்க மாட்டேன், சத்தியம். ஆனால் அதை நீ சொல்ல வேண்டும். ஷெரில் சொல்லக் கூடாது. திரும்பி வரத்தான் ஆசை, பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றாலும் எனக்குச் சொல். பழியை என் மேல் போட்டுவிடலாம். அப்பாவுக்கு முழங்கால் முடியவில்லை, சமைக்கத் தெரியவில்லை, வீட்டை எரித்துவிடுவார் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அதில் பாதி உண்மைதான்.

நான் இங்கே நன்றாக இல்லை, ஃப்ளோரன்ஸ். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஊரில் எங்கே எது நன்றாகக் கிடைக்கும் என்று இப்போது உன்னைவிட அதிகம் தெரியும். வாங்கிக்கொண்டு வந்து வைத்தால், இது இன்ன இடத்தில் வாங்கினேன் என்று சொல்ல ஆள் இல்லை. பரத்வாஜிடம் கவளையைப் பற்றிப் பேச முடியுமா?

வருகிற வெள்ளி மார்க்கெட் பக்கம் போவதாக இல்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி போயே ஆக வேண்டும். தேசம்மாவை அப்படி விட்டுவிட்டு வந்தது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. போனால் மறுபடியும் கையை அலம்பிவிட்டு நீட்டுவாள். அதற்குள் இது உன் கையில் இருக்கும். அன்றைக்குக் காலை எனக்குப் போன் செய். ஷெரிலையும் குட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், வீடியோ இல்லாமல், குரல் மட்டும். நான் தூணோரம்தான் நிற்பேன்.

நீ வரவில்லை என்றால், போணி பண்ணுங்கள் என்று சொல். பண்ணிவிடுகிறேன். பேரம் பேசாமல், முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு பண்ணுகிறேன். வருவாய் என்றால், இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல். எத்தனை வெள்ளி ஆனாலும் நின்றுகொள்கிறேன்.

மாதா உன்னையும் பிள்ளைகளையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். குட்டிக்கு என் முத்தம். தோள்பட்டைக்கு இரவில் எண்ணெய் தேய்த்துக்கொள், அதற்காவது ஷெரிலை உதவச் சொல்.

போன் வரும் என்று காத்திருக்கும்,
உன் பவுல்சாமி.